மைனா சொல்லாத சட்டம்

முதலில் துரோகம் செய்தது மைனா சிங்காரம்தான். காட்டுப்பன்றி கொம்பையன் இந்தப் பேச்சை இன்றுவரை மாற்றிச் சொன்னதில்லை.

கொம்பையனுக்கு மலைச்சரிவில் ஒரு வள்ளிக்கிழங்குத் தோட்டம் இருந்தது. மூக்குத் தோல் உரிய உரிய அது தானே முட்டித் திருத்திய நிலம். அங்கே பெருச்சாளிகளை வேலைக்கு வைத்திருந்தது. அவை வளை தோண்டி உள்ளே இறங்கும். கிழங்கைக் கடித்து மேலே தள்ளும். மாயாண்டி என்ற கிழப் பெருச்சாளிதான் அவற்றுக்கு மேஸ்திரி.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பருவமழை தொடங்கப் போகும்போது தலைவர் யானை அருவிப் பாறையில் ஏறி நிற்கும். ஆள் வைத்து வேலை வாங்குகிற மிருகங்களுக்குப் புதுச் சட்டங்களைச் சொல்லும். முதலாளிகள் நேரில் வந்து கேட்க வேண்டும். ஆனால் அவ்வளவு தூரம் யார் நடப்பது? ஆளுக்கொரு மைனாவை அனுப்பிவிடுவார்கள். யானை பேசியதை யானைக் குரலிலேயே ஒரு சொல் விடாமல் மைனா ஒப்பிக்கும். அதற்குக் கூலி பழம்.

இந்த வருஷமும் சிங்காரம் போய்விட்டு வந்தது.

"பெரியவர் என்னடா சொன்னார்?" என்று கேட்டது கொம்பையன்.

"மழை நல்லாப் பெய்யும்னார் முதலாளி. கிழங்கு நல்லா விளையுமாம்."

"சட்டம்?"

"எல்லாம் பழசுதான்."

கொம்பையனுக்கு வயிறு குளிர்ந்தது. தோட்டத்து நாவல் மரத்தை ஒரு முட்டு முட்டியது. பழம் பொலபொலவென்று கொட்டியது. "தின்னுடா ராசா," என்றது.

மழை வந்தது. சரிவு முழுக்கச் சேறு. மாயாண்டி வளை வாசலில் நின்று மண்ணை முகர்ந்து பார்த்தது.

"முதலாளி, மண்ணு சொதசொதன்னு இருக்கு. மழை விட்டதும் இறங்குறோமே."

"ஈர மண்ணுலதான் வேலை சுளுவா ஓடும். இருட்டுற வரைக்கும் வேலைன்னு சட்டம் இருக்கா இல்லையா?"

"இருக்குதான்," என்று சொல்லிவிட்டு மாயாண்டி இறங்கியது. மற்றவையும் பின்னால் இறங்கின.

சற்று நேரத்தில் தரை 'பொத்'தென்று உள்வாங்கியது. வளைகள் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. கொம்பையன் பாய்ந்து போய்க் கொம்பாலும் மூக்காலும் தோண்டியது. ஒவ்வொரு பெருச்சாளியாகச் சேற்றோடு வெளியே எடுத்தது. கடைசியாக வந்தது மாயாண்டி. உயிர் இருந்தது. பின்னங்கால் ஒன்று மட்டும் துவண்டு தொங்கியது.

சத்தம் கேட்டு, சட்டத்தை மேற்பார்க்கும் கடமான் வந்து சேர்ந்தது.

"கொம்பையா, மழையில ஆளை இறக்கினியா?"

"இறக்கினேன். அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? அருவிப் பாறையில சொன்னது உன் காதுல விழலையா?"

"என் மைனா போய்க் கேட்டுச்சே! பழசுதான்னு சொல்லிச்சே!"

கடமான் நிமிர்ந்து நாவல் மரத்தைப் பார்த்தது. "சிங்காரம், கேட்டதைச் சொல்லு."

சிங்காரம் தொண்டையைச் செருமிக்கொண்டது. அந்தச் சின்ன அலகிலிருந்து யானையின் குரல் முழங்கியது. "மழை பெய்யும்போது யாரையும் மண்ணுக்குள் இறக்கக் கூடாது. மீறி இறக்கினால் அந்த நிலம் இறங்கியவர்களுக்கே சொந்தம். எனக்குத் தெரியாது என்ற பேச்சு எடுபடாது."

ஒரு சொல் குறையவில்லை. கொம்பையன் நாவல் மரத்தடிக்குப் பாய்ந்தது.

"அடப்பாவி, எல்லாம் உனக்குத் தெரியுமா? ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"முந்தி ஒரு வருஷம் சொன்னேனே. உச்சி வெயில்ல ஆளுங்களை நிழல்ல உட்கார வைக்கணும்னு சட்டம் வந்தது. சொன்னதும் எனக்கு வெச்ச பழத்தை மிதிச்சு நசுக்கினீங்க. 'இந்த வாயோட இந்தப் பக்கம் வராதே'ன்னீங்க. அப்புறம் நல்ல சேதி மட்டும் கொண்டுவந்தேன். பழம் தவறாமக் கிடைச்சது."

தோட்டம் அன்றே கைமாறியது. கொம்பையன் சேற்றில் நின்று தன் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மாயாண்டி நொண்டிக்கொண்டு பக்கத்தில் வந்தது.

"நீங்க தோண்டலேன்னா நான் இன்னேரம் இல்ல. எங்களோட வேலைக்கு வாங்க. பங்கு உண்டு."

வேறு வழியில்லாமல் கொம்பையன் ஒப்புக்கொண்டது. மறுநாள் வளைக்குள் தலையை விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தபோது தூறல் விழுந்தது.

"மேலே வாங்கண்ணே," என்று கூப்பிட்டது மாயாண்டி. "சட்டம்."

கொம்பையன் முனகிக்கொண்டே வெளியே வந்து நாவல் மரத்தடியில் ஒதுங்கியது. மேலே சிங்காரம் பழம் கொத்திக்கொண்டிருந்தது. ஒரு கொட்டை கொம்பையனின் மூக்கில் விழுந்தது.

"டேய், நீ தின்ன பழத்துக்கெல்லாம் எனக்கு ஒரு உண்மையான சேதி பாக்கி இருக்குடா."

சிங்காரம் தலையைச் சாய்த்து வானத்தைப் பார்த்தது. "மழை நல்லாப் பெய்யும் முதலாளி," என்று சொல்லிவிட்டுப் பறந்து போனது.

பிடித்த சேதிக்கு மட்டும் கூலி கொடுக்கிற முதலாளியிடம், தெரிந்தே ஆக வேண்டிய சட்டம் ஒருநாளும் வந்து சேராது.