ராஜா வாங்கிய சாவகத்துக் கைலி

நெடுந்துறை என்று ஒரு ராஜ்யம். ராஜா அரண்மனையில் தும்மினால் எல்லைக்கு அப்பாலிருந்து 'தீர்க்காயுசு' என்று குரல் வரும், அவ்வளவு பெரிய ராஜ்யம். அதை ஆண்டவர் மகரராயர். அவருக்குக் கோபமும் பசியும் ஒரே நேரத்தில் வரும். பசிக்குச் சமையல்காரன் இருந்தான். கோபத்துக்கு விகடம் பேசும் வீழிநாதனைச் சம்பளம் போட்டு வைத்திருந்தார். சம்பளம் ஒழுங்காக வந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்த ஊரில் அடைக்கம்மை ஆச்சி என்று ஒரு வியாபாரி. அவளுக்கு ஒரே ஒரு தோணி. அதைக் கடல் கடந்து சாவகத் தீவுக்கு அனுப்பி கிராம்பு, சீனச் சாடி, பூப்போட்ட கைலி எல்லாம் தருவித்து விற்பாள். அங்கே ஒரு பொன்னுக்கு வாங்கியது இங்கே நாலு பொன். தோணிக்காரர் கூலி, ராஜாவின் சுங்கம், வழியில் உடைந்த சாடி எல்லாம் அதற்குள் அடக்கம். மிஞ்சுவது ஆச்சியின் கஞ்சிக்குச் சரியாக இருக்கும்.

அரண்மனைச் சரக்கறையைக் கவனிக்கும் உக்கிராணத் தலைவர் அகோரத்துக்கு வேலைவெட்டி இல்லாத ஒரு மைத்துனன். ஆச்சியின் தோணி அவனுக்குக் கிடைத்தால் தேவலை என்று வீட்டில் மனைவி நச்சரித்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் ஆச்சியும் சபையில் இருக்கும்போது மனுஷன் பற்றவைத்துவிட்டார்.

"மகாராஜா, சாவகத்துல ஒரு பொன்னுக்கு வாங்குறதை இந்த அம்மா நாலு பொன்னுக்கு நம்ம தலையில கட்டுறாங்க."

ராஜாவுக்கு அது பசி நேரம். "பகல் கொள்ளையா இருக்கே. இன்னையிலிருந்து எந்தப் பொருளானாலும் கிடைக்கிற இடத்து விலைக்கே எனக்குத் தரணும். கொண்டுவந்த கூலின்னு ஒரு காசு சேர்க்கக் கூடாது. சேர்த்தா தோணி பறிமுதல்."

ஆச்சி சபையில் ஒரு கும்பிடு போட்டாள். வெளியே வந்ததும் வீழிநாதனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்ப்பா வீழி, சரக்கு ஆத்துத்துறையில வந்து நிக்குது. ஒரு பொன்னுக்குக் குடுத்தா காதுத் தோட்டை வித்துத்தான் தோணிக்காரங்களுக்குக் கூலி குடுக்கணும். நாலு கேட்டா தோணியே போச்சு. நான் எங்க போவேன்?"

வீழிநாதனுக்கு அகோரத்தின் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. நேரே உள்ளே போய்க் கும்பிட்டான்.

"மகாராஜா, அருமையான ஆணை. அதை ஒரு இம்மி பிசகாம நடத்துற அதிகாரத்தை எனக்குக் கொடுங்க."

ராஜாவின் வாய் நிறைய அப்பம். கையை ஆட்டினார். சரி என்று அர்த்தம்.

மறுநாள் சனிக்கிழமை. ராஜாவுக்கு எண்ணெய்க் குளியல். உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழிய, கோவணத்தோடு மணையில் உட்கார்ந்திருந்தார். சீயக்காய் வந்தது. தண்ணீர் வரவில்லை.

"தண்ணி எங்கேடா?"

"ஆத்துல இருக்கு, மகாராஜா" என்றான் குளியலறைச் சேவகன்.

"அது எனக்குத் தெரியாதா? இங்கே ஏன் இல்லை?"

"ஆத்துல தண்ணி சும்மா கிடைக்குதாம். அதனால இங்கேயும் சும்மாதான் தரணுமாம். தூக்குகூலி கிடையாதுன்னு வீழிநாதர் சொல்லிட்டார். தண்ணி தூக்குறவங்க எல்லாம் வீட்டுல கால் நீட்டிப் படுத்துட்டாங்க."

"கூப்பிடு அந்த வீழியை!"

"அவரும் ஆத்துலதான் இருக்காராம்."

கண்ணில் எண்ணெய் இறங்கி எரிந்தது. ராஜா ஒரு பெரிய கம்பை எடுத்துக்கொண்டு, துணைக்கு அகோரத்தையும் இழுத்துக்கொண்டு, கொல்லைப்புற வழியாக ஆற்றுக்கு விரைந்தார். அங்கே வீழிநாதன் குடை பிடித்தபடி நின்றிருந்தான்.

"வாங்க மகாராஜா. இங்கே தண்ணீர் இலவசம். வேண்டிய மட்டும் குளிங்க."

முதலில் குளியல், அடி பிறகு என்று ராஜா ஆற்றில் இறங்கினார். முங்கி எழுந்தபோது கண் எரிச்சல் போய்விட்டது. மாற்றுத்துணி கொண்டுவராதது அப்போதுதான் உறைத்தது.

"அகோரம், ஓடிப்போய் என் பட்டு வேட்டியை எடுத்து வா."

அகோரம் புறப்பட்டார். அந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு அவர் போனதை ஓட்டம் என்று சொல்ல மனசு வரவில்லை. அவர் தலை மறைந்ததும் கரையின் மறுபக்கம் பேச்சும் சிரிப்பும் கேட்டன. குடத்தோடு பெண்கள் ஒரு தெருவே திரண்டு வந்துகொண்டிருந்தது.

"வீழி, உன் மேல்துண்டைக் கொடு. சீக்கிரம்."

"கொடுக்கலாம், மகாராஜா. ஆனா நீங்க தர்ற சம்பளத்துக்கு வாங்கினது. ஓட்டை எல்லாம் முக்கியமான இடத்துல இருக்கு."

பக்கத்திலேயே ஆச்சி நின்று தோணியிலிருந்து கைலிப் பொதி இறக்கிக்கொண்டிருந்தாள். ராஜா கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி கையை நீட்டினார்.

"ஆச்சி, அதுல ஒண்ணு எடு. என்ன விலை?"

"ஒரு பொன்னுதான், மகாராசா. உங்க ஆணைப்படி சாவகத்து விலை." ஆச்சி பொதியை இறுக்கிக் கட்டினாள். "சாவகத்துக்கு வந்து வாங்கிக்கலாம்."

பேச்சும் சிரிப்பும் நெருங்கின.

"நாலு பொன் தர்றேன்."

"ஐயையோ, மகாராஜா" என்றான் வீழிநாதன். "நாலு வாங்கினா அவங்க தோணி பறிமுதல். ஆணையை நடத்துற அதிகாரம் என்கிட்ட இருக்கு. நான் எப்படிப் பார்த்துக்கிட்டு நிற்கிறது?"

"ஆணை ரத்து! அஞ்சு பொன்னா வாங்கிக்கோ, அந்தத் துணியைப் போடு!"

பெண்கள் வந்து பார்த்தபோது, மயிலும் மாம்பூவும் போட்ட கைலியில் ராஜா கம்பீரமாக நின்றிருந்தார். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ராஜா தம்மையே ஒருமுறை குனிந்து பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். ஆச்சிக்கு அந்த வருஷச் சுங்கம் தள்ளுபடி, வீழிநாதனுக்குப் பாக்கிச் சம்பளம் முழுவதும் என்று அங்கேயே சொன்னார்.

எல்லாம் முடிந்த பிறகு அகோரம் பட்டு வேட்டியோடு நாக்குத் தள்ள வந்து சேர்ந்தார்.

"பாவம், இவ்வளவு தூரம் சுமந்து வந்தீரே" என்றார் ராஜா. "என்ன கூலி தரட்டும்?"

அகோரம் முகமெல்லாம் பல்லாகக் குழைந்தார். "கூலியா? தங்களுக்குச் சுமக்க எனக்கு எதுக்கு மகாராஜா கூலி?"

"ரொம்ப நல்லது" என்றார் ராஜா. "நாளையிலிருந்து தண்ணியும் நீரே கொண்டுவாரும்."