தண்ணி ஊத்த வெக்கப்பட்டவ

ஒரு ஊர்ல ஒரு வெளக்குக்காரி இருந்தாளாம். பேரு முத்துக்கனி. டேய், காலை ஆட்டாத, அத்தை சொல்றதைக் கேளு. கடலோர ஊரு. கரையில ஒரு மேடை, அதுல பொழுது சாஞ்சா வெளக்கு எரியணும். எரியலைன்னா கடலுக்குப் போன படகெல்லாம் பாறையில மோதி, படார்! வெளக்கேத்துறது அவ புகுந்த வீட்டு வேலை. 'ம்' சொல்லு.

ம்.

அவ அம்மா ஆமணக்கு விதையை வறுத்து, இடிச்சு, தண்ணியில போட்டுக் கொதிக்க வெச்சு, மேல மிதக்கிற எண்ணெயை வழிச்சு, தெருத்தெருவாக் கூவி விக்கிறவ. முத்துக்கனிக்கு அது வெக்கம். 'எங்க வீட்டுல பெரிய செக்கு ஓடுது'ன்னு மாமியாகிட்ட பீத்திக்கிட்டா. அம்மாவைக் கல்யாணத்துக்கே வரவேண்டாம்னுட்டா. அந்த இடத்துல எனக்கு அவளை ரெண்டு சாத்து சாத்தலாம் போல வரும்.

அப்புறம் பேய் மழை. பாதையெல்லாம் வெள்ளம், ஊருக்குள்ள சொட்டு எண்ணெய் இல்ல. அவ புருஷன் கடல்ல இருக்கான், அமாவாசைக்குத்தான் திரும்புவான். ஊருக்குப் பின்னால ஒரு கறுப்புக் கல்லு, உரசினா எண்ணெய் வாசம் அடிக்கும். மாமியா சொன்னா, "நீ செக்கு வீட்டுப் பொண்ணாச்சே, இதுல எண்ணெய் எடு பாப்போம்."

அப்போ அவ கல்லை நெருப்புல போட்டா. குபுகுபுன்னு புகை. எல்லாம் எரிஞ்சே போச்சு.

அப்புறம் சட்டியில போட்டு மூடி, தீயைத் தூக்கி எரிச்சா. புஸ்ஸு... டொப்! எண்ணெய் ஆவி மூடியைத் தள்ளிட்டு ஓடியே போச்சு.

அப்போ பாத்து, மக வெளக்குக்கு என்ன பண்றாளோன்னு வெள்ளத்துல நடந்து அவ அம்மா வந்தா. விதையெல்லாம் அழுகிப்போச்சு, கையில காலிச் சட்டி. மகளை மகள்னு காட்டிக்காம, "தண்ணி ஊத்தி வேக வையுங்கம்மா"ன்னா.

முத்துக்கனிக்கு அது தெரியாதாடா? சின்ன வயசுலேர்ந்து பாத்தவதானே. ஆனா தண்ணி ஊத்தினா செக்கு வீட்டுப் பொண்ணு இல்லைன்னு தெரிஞ்சு போயிடும். "எண்ணெயில தண்ணியா? தெருவுல விக்கிற கெழவி, போ அந்தப் பக்கம்"னுட்டா. பெத்தவளைடா! தூங்கிட்டியா?

ம்... இல்ல.

அந்தம்மா ஓரமா போய் உக்காந்துக்கிச்சு. இவ மூணாவதா கல்லைப் பொடிச்சு, தண்ணி காட்டாம மெதுவா வறுத்தா. கரண்டி விட்டா கரக் கரக். அத்தனையும் கரி.

பொழுது விடிஞ்சா அமாவாசை. முத்துக்கனி அம்மா கால்ல போய் விழுந்தா. அப்பவும் அந்தம்மா, "எந்திரிங்கம்மா, யாராவது பாக்கப் போறாங்க"ங்குது!

அப்புறம் ரெண்டு பேருமா கனமான இரும்பு அண்டாவுல கல்லைப் போட்டு, தண்ணி ஊத்தி, மூடியைச் சுத்தி மண்ணு பூசி, மேல அம்மிக்கல்லைத் தூக்கி வெச்சாங்க. விடாம எரிச்சாங்க. "தனியா சூடு பட்டா எண்ணெய் தனக்குள்ளயே ஒட்டிக் கரியாயிடும். கூடத் தண்ணி இருந்தா ஒட்டாம வெளிய வரும்"னு அம்மா சொல்லுச்சு. மறுநாள் சாயங்காலம் ஆற வெச்சுத் திறந்தா, தகதகன்னு தண்ணி மேல எண்ணெய் மிதக்குது!

வெளக்கு எரிஞ்சுது. படகெல்லாம் கரை சேந்துது, அவ புருஷனும் எறங்கி வந்தான். ஊரே, "செக்கு வீட்டு மூளைன்னா சும்மாவா!"ங்குது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசுது. அம்மா காலிச் சட்டியை எடுத்துக்கிட்டு, "நான் வரேங்கம்மா"ன்னு கெளம்புது.

அப்போதான் முத்துக்கனிக்கு வாய் வந்துச்சு. "அத்தே, எங்க வீட்டுல செக்கு இல்ல. இவங்கதான் என்னைப் பெத்தவங்க."

மாமியா சிரிக்கல. "ரெண்டு பேருக்கும் ஒரே மூக்குடி. சந்தையில இவங்களைப் பாத்த அன்னிக்கே எனக்குத் தெரியும். நீயா எப்போ சொல்லுவேன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். நேத்து நீ விரட்டினப்பவும் வாசல்லதான் நின்னேன்."

முத்துக்கனிக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியல. அம்மாதான் தன் முந்தானையை எடுத்து அவ மூஞ்சியை மூடுச்சு.

கதை கரை சேந்தாச்சு, கண்ணை மூடுடா.