மருதப்பன் தடைபோட்ட லாம்டா

பெயரில்லாமல் ஒரே வரியில் வேலையை முடிக்கிற லாம்டா என்ற கோடு துணுக்கைக் கண்டாலே தலைமைப் புரோகிராமர் மருதப்பனுக்கு ஆகாது.

"எவ்வளவு சின்ன வேலையா இருந்தாலும் அதுக்குன்னு தனி ஃபைல்ல ஒரு கிளாஸ், தனிப் பேரு, அதுக்கு என் அப்ரூவல். நாளைக்குள்ள எல்லா லாம்டாவையும் மாத்தலேன்னா உனக்கு வேலை கிடையாது" என்று புதிதாகச் சேர்ந்த அஞ்சுகத்திடம் சீறினார்.

"சரிங்க சார்."

மறுநாள் கம்ப்யூட்டரைத் திறந்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்ரூவலுக்காகத் திரை கொள்ளாமல் கிளாஸ்கள் காத்து நின்றன. உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. எதைத் திறந்தாலும் உள்ளே அதே ஒற்றை வரி.

"என்னம்மா இது?" என்று அஞ்சுகத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நீங்க சொன்னதுதான் சார். ஒவ்வொண்ணா படிச்சு அப்ரூவல் போட்டீங்கன்னா சாயங்காலம் கஸ்டமருக்குக் கொடுத்துடலாம். இல்ல, பழையபடி லாம்டாவே இருக்கட்டுங்களா?"

மருதப்பன் இருக்கட்டும் என்று தலையை மட்டும் ஆட்டினார். பேரில்லாத அந்தச் சின்னத் தலையாட்டலுக்குத் தனி கிளாஸ் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.