இரும்பு தின்ற திருடர்கள்

"ஒரு உடம்புல ஒரு ஊர் இருந்துச்சாம். அந்த ஊர்ல ஒரு பச்சை வாய்க்கா. நெய்ச்சோறோ எண்ணெய்ப் பலகாரமோ, எது வந்தாலும் கரைச்சுக்கிட்டு சலசலன்னு ஓடும்."

"ம்."

யாமினி என் மடியில் தலை வைத்திருந்தாள். 'ம்' நின்றால் கதையும் நிற்கும் என்பது எங்கள் ஒப்பந்தம். ஆஸ்பத்திரி அறையில் மத்தியான வெயில் திரைச்சீலையில் மெல்ல அசைந்தது. அவள் அம்மா, என் அக்கா வேணி, சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பித்தக் குழாயில் புற்றுநோய்.

"அப்போ வாய்க்காக் கரையில திருடங்க குடியேறினாங்க. வாய்க்காவையே அடைச்சுட்டாங்க. தண்ணி தேங்கி, ஊரே மஞ்சளாயிடுச்சு."

"அம்மா கண்ணு மாதிரி."

"ம்," என்றேன், இந்த முறை நான்.

"அப்புறம் ஒருத்தர் கத்தியோட வந்தார். சரக் சரக்! ஆனா திருடங்க வேர் மாதிரி பின்னிக் கிடந்தாங்க, முழுசா வெட்ட முடியல. அப்புறம் ஒருத்தர் கசப்புத் தண்ணியைக் கொடகொடன்னு ஊத்தினார். கொஞ்சம் பேர் செத்தாங்க. மிச்சப் பேர் தூன்னு துப்பிட்டாங்க. மூணாவதா ஒரு பொண்ணு வந்தா. வாயே திறக்கமாட்டா. கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டே இருப்பா."

"நீதானே சித்தி?"

"என்னை மாதிரி ஆராய்ச்சிக்கூடத்துல வேலை பாக்கற நிறைய பேர். அவ பார்த்தா, திருடங்களுக்கு இரும்புன்னா பேராசை. லபக் லபக்னு முழுங்கறாங்க. ஆனா அவங்க வீட்டுச் சுவரு எண்ணெயால ஆனது. இரும்பு பட்டா எண்ணெய் கெட்டு, சிக்கு வாடை அடிச்சு, ஓட்டை விழும்."

"விழலையா?"

"விழல. அங்க ஒரு வேலைக்காரன் துணியோட, கெட்ட எண்ணெயைச் சுத்திச் சுத்தித் துடைச்சுக்கிட்டே இருந்தான். அப்புறம் அவ என்ன பண்ணா தெரியுமா? அந்தத் துணியை ஒளிச்சுட்டா. சுவரு மொறமொறன்னுச்சு. அப்புறம் பொலபொலபொல... அவங்க முழுங்கின இரும்பே அவங்களை முடிச்சுடுச்சு."

"நல்லவங்க வீடு?"

"அவங்ககிட்டயும் துணி இருக்கு. அதைத் தொடாம திருடன் துணியை மட்டும் எப்படி எடுக்கறதுன்னுதான் இன்னும் யோசிக்கறா."

யாமினி கிசுகிசுத்தாள். "நானும் அம்மா தலகாணிக்கு அடியில காலண்டர் ஆணி வச்சிருக்கேன். பாப்பா தொட்டில்ல இரும்பு வைப்பாங்கல்ல, கெட்டது அண்டாதுன்னு."

நான் அக்காவின் தலையணையைப் பார்த்தேன்.

"அம்மா ஊருக்கு அந்தப் பொண்ணு எப்போ வருவா?"

பொய் சொல்ல நா துடித்தது. "இப்போ அவ கண்ணாடித் தட்டுலயும் எலி உடம்புலயும் இருக்கற குட்டி ஊருங்கள்லதான் துணி ஒளிக்கறா. பெரிய ஊருக்கு வழி தூரம்டா."

"கிளம்பிட்டாளா?"

"கிளம்பிட்டா. நடந்து வர்றா... நடந்து..."

'ம்' வரவில்லை. குழந்தையின் வாய் லேசாகத் திறந்திருந்தது. நானும் நிறுத்தினேன்.

"ம்," என்றது சுவர்ப்பக்கம்.

"அக்கா! நீ தூங்கலையா?"

"எங்கடி தூங்கறது, ஆணி குத்துது."

"எடுத்துடவா?"

"வேண்டாம், இருக்கட்டும்." என் பக்கம் திரும்பி, "நடந்து வர்றாளே, அப்புறம்?" என்றாள்.

நான் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"வர்றாக்கா. நிக்காம வர்றா. ஊர் கண்ணு மூடிக்கிச்சு, வாய்க்கா மெதுவா ஓடுது, கதையும் இங்க படுத்துக்கிச்சு. நீயும் தூங்கு."

"ம்," என்றாள் அக்கா.