இருமல் நிக்காத காடு

அல்லிக்குளத்தங்கரையில ஒரு மருதமரம். அதுல கரடியே நுழையுற மாதிரி பெரிய பொந்து. பொந்துக்குக் காவல் ஆமை பொன்னாத்தா.

அது ஒரு காலம்! மழை முடிஞ்சதும் காடே வரிசையில நிக்கும். கஷ்ட காலத்துக்கு ஆகும்னு ஆளாளுக்கு ஒரு பங்கு கொட்டை, கிழங்குன்னு பொந்துல போடும். குரங்கு சடையன் ஒத்தக் கொட்டையப் போட்டுட்டு ஊருக்கே கேக்குற மாதிரி கத்துவான்.

"அக்கா, நல்லா எண்ணிக்க!"

"எண்ணிட்டேன்டா, ஒண்ணு! உன் சத்தத்தையும் சேத்து எண்ணவா?"

காடே சிரிக்கும்.

அப்புறம் வந்துச்சு இருமல் நோவு.

"யாரும் வெளிய வராதீங்க! சோறு உங்க வாசலுக்கு வரும்!"ன்னு கரடித் தலைவர் சொன்னாரு. சொன்ன மாதிரியே அனுப்பினாரு. பொந்து காலியாச்சு. அடுத்த காட்டு நரிங்ககிட்ட கடன் கேட்டாரு.

"தர்றோம்! மழை முடிஞ்சதும் திருப்பித் தரலேன்னா குளத்து வாய்க்காலத் தொறந்து விடணும். எங்க காட்டுல தண்ணி இல்ல!"

பொன்னாத்தா குளத்தங்கரையத் திரும்பிப் பாத்தா. அவ முட்டையிடுறது அந்தக் கரையிலதான். ஆனாலும் சொன்னா: "வாங்குங்க தலைவரே, உசுருதான் முக்கியம்."

உசுரு பொழச்சுது. நோவு போச்சு. இருமல்தான் போகல! சோத்து மூட்டையோட முள்ளம்பன்றி வந்தாப் போதும், சடையன் வாசல்ல நின்னு "லொக்கு! லொக்கு!"ம்பான். அவனப் பாத்து மானு, மொசலு, எல்லாம் லொக்கு லொக்கு.

"மூட்டை அனுப்புறத நிறுத்துங்க தலைவரே!"

"நிறுத்தினா என்னத் திட்டுவாங்களே பொன்னாத்தா!"

மழையும் பேஞ்சு முடிஞ்சுது. பொந்துகிட்ட பொன்னாத்தா ஒத்தையில காத்துக் கெடந்தா. ஒரு கொட்டை விழல. நரிங்கதான் வந்துச்சு. வாய்க்கால் தொறந்துச்சு.

மொதல்ல ஒரே கும்மாளம்! வாய்க்கால் வழியா அடுத்த காட்டு வாத்துங்க புதுப்புதுக் கிழங்கா கொண்டு வந்துச்சு. சடையன் தின்னு தின்னு இருமவே மறந்துட்டான். மூணே நாளு. குளம் முழங்காலளவு! கரை மண்ணுக்குள்ள பதினெட்டு முட்டை. குஞ்சு வெளிய வந்தா நீந்துறதுக்குத் தண்ணி?

பொன்னாத்தா போய் வாய்க்கால் வாயில ஒக்காந்தா. முதுகு ஓடு பாதித் தண்ணிய மறிச்சுது. பாதி ஓடுச்சு.

"எந்திரி! மொத்தமும் எங்களுக்கு!"ன்னு நரி உறுமுச்சு.

"குளம் காஞ்சா அடுத்த வருசம் யாருகிட்ட வாங்குவ ராசா? பாதி எடுத்துக்க. கடன் தீர்ற வரைக்கும் நான் இங்கதான்!"

நரி குளத்தப் பாத்துச்சு. தலையச் சொறிஞ்சுச்சு. "சரி, ஒக்காரு."

வெயில்ல, சேத்துல, அவ அசையல. கரடி வந்து பாத்தாரு. வெக்கமாப் போச்சு. அன்னிக்கே மூட்டைய நிறுத்தினாரு. எல்லாரும் திட்டுனாங்க. திட்டிக்கிட்டே கொட்டை பொறுக்கப் போனாங்க.

ஒரு காலையில கரை மண்ணு வெடிச்சு, பதினெட்டுக் குஞ்சும் குடுகுடுன்னு தண்ணிக்குள்ள எறங்குச்சு. அதே நேரம் மருதமரத்துப் பக்கம் ஒரு சத்தம்.

"அக்கா! நல்லா எண்ணிக்க!"

"எத்தனடா?"

"ஒண்ணு!"

வாய்க்கால்ல ஒக்காந்தபடியே பொன்னாத்தா கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா.

நோவுக்குக் கடன் வாங்குறதும் தப்பில்ல, வாய்க்காலத் தொறக்குறதும் தப்பில்ல. நோவு போன பின்னாடியும் இருமிக்கிட்டே இருக்குறதுதான் தப்பு!