திரும்பி வந்து வைக்கும் புள்ளி

“டீச்சர், இங்கிலீஷ்ல சேர்த்து எழுதுறதைப் படிக்க எனக்குக் கத்துக்கொடுங்க.”

ஜெபக்கனி வாசலிலேயே நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“உள்ள வாங்க” என்றாள் திலோத்தமை.

குரு என்றால் தாடி வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் ஏமாந்துதான் போவார்கள். திலோத்தமைக்கு முப்பத்து மூன்று வயது. வந்தவளுக்கு முப்பத்தெட்டு.

திலோத்தமை ஒரு பள்ளிக்கூடத்தில் கையெழுத்து டீச்சராக இருந்தவள். வாரத்துக்கு மூன்று பீரியட் இருந்தது, ஒன்றாகக் குறைந்தது. அந்த ஒன்றையும் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் கிடந்த நாலு கோடு நோட்டுகளை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு மலையடிவாரத்துப் பழைய தறிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். சந்நியாசம் வாங்கிவிட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு. அப்படியெல்லாம் இல்லை. தேடி வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள், அவ்வளவுதான்.

ஜெபக்கனி பாயில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன வேலை பாக்குறீங்க?”

“நர்ஸு. டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில.”

“எதைப் படிக்கணும்?”

“எங்க டாக்டர் எழுதுறதை. பேனாவைத் தாள்ல வச்சா எடுக்கவே மாட்டார். ஒரே இழுப்பு. எங்க ஸ்கூல்ல நாலு கோடு நோட்டே வாங்கச் சொல்லலை. தனித்தனியா எழுதினாப் போதும்னுட்டாங்க. எத்தனை நாள்ல கத்துக்கலாம்?”

“மூணு மாசம்.”

“அதுவரைக்கும் யாரும் சாகாம இருக்கணுமே.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. பையின் வாரை முறுக்க ஆரம்பித்தாள்.

திலோத்தமை ஒரு நோட்டை எடுத்து விரித்தாள். பேனாவை நீட்டினாள்.

“படிக்கிறதுக்குத்தானே வந்தேன் டீச்சர்?”

“எழுதுங்க. தினமும் அதிகமா எழுதுற வார்த்தை எது?”

“இன்சுலின்.”

“அதையே எழுதுங்க. இங்கிலீஷ்ல. கையை எடுக்காம.”

ஜெபக்கனி ஆரம்பித்தாள். முதல் எழுத்தைப் போட்டதும் பேனாவைத் தூக்கி அதன் தலையில் புள்ளி வைத்தாள். மறுபடி தொட்டாள். மறுபடி தூக்கினாள். ஒரு வார்த்தைக்குள் ஏழு இடத்தில் நின்றாள்.

“ஏன் நிக்கிறீங்க?”

“பயமா இருக்கு.”

“நோட்டுதானே இது?”

“எனக்கு எதைப் பாத்தாலும் பயமாத்தான் இருக்கு டீச்சர். ஒரு மாசமா.”

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றே முக்கால்.

திலோத்தமை அவள் பேனாவை வாங்கி ஒரு தடவை எழுதிக் காட்டினாள். வார்த்தை முழுக்க ஒரே ஓட்டம். கடைசி எழுத்தை முடித்து, பேனாவைத் தூக்கி, வார்த்தையின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய், இரண்டு ‘ஐ’களின் தலையிலும் புள்ளி வைத்தாள்.

“புள்ளிக்காக நடுவுல நிக்கக் கூடாது. முழுசா முடிச்சிடணும். அப்புறம் திரும்பி வந்து, விட்டதை வைக்கணும்.”

“மறந்துட்டா?”

“மறக்கிறவங்கதான் அதிகம்” என்று சொல்லிவிட்டு திலோத்தமை எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.

ஜெபக்கனி எழுதினாள். இரண்டாவது வரியில் நாலு இடத்தில் நின்றாள். ஐந்தாவது வரியில் இரண்டு இடத்தில். பத்தாவது வரியில் கை தானாக ஓடியது. கை ஓடியதும் வாயும் ஓடியது. நர்ஸுகளுக்கு அது சகஜம்.

“மூணாம் பெட்டுல சண்முகவேல்னு ஒரு அண்ணாச்சி இருந்தார்.”

திலோத்தமை ஜன்னலிலேயே நின்றாள்.

“சுகருக்கு ஊசி. டாக்டர் நாலு யூனிட்னு எழுதியிருந்தார். யூனிட்டுக்கு அடையாளமா நாலுக்குப் பக்கத்துல ‘யூ’ன்னு ஒரு வளைவு போடுவார். எழுதுற வேகத்துல அந்த வளைவோட வாய் மூடிக்கும். பாத்தா சைபர் மாதிரியே இருக்கும்.”

பேனா ஓடிக்கொண்டிருந்தது.

“நாப்பதுன்னு படிச்சேன்.”

திலோத்தமை திரும்பினாள்.

“அதிகமாத் தெரிஞ்சுது டீச்சர். தெரியாம இல்ல. கேக்கலாம்னு அவர் ரூம் வாசல் வரைக்கும் போனேன். உள்ள யாரையோ வாங்கு வாங்குன்னு வாங்கிட்டிருந்தார். படிக்கத் தெரியாதவங்கல்லாம் எதுக்கு வேலைக்கு வர்றீங்கன்னு கத்துவார். கேஸ் ஷீட்டைத் தூக்கி எறிவார். நான் திரும்பி வந்துட்டேன்.”

“போட்டுட்டீங்களா?”

“போட்டுட்டேன்.”

ஜெபக்கனி அடுத்த வரிக்குப் போனாள்.

“அண்ணாச்சிக்கு வேர்த்து ஊத்திச்சு. நாக்கு குழறிச்சு. கண்ணு மேல சொருகிடுச்சு. குளுக்கோஸ் ஏத்தி, ஏத்தி, சாயங்காலம்தான் கண்ணைத் திறந்தார். எப்படி ஆச்சுன்னு டாக்டர் கேட்டார். ஊசி போட்டப்புறம் அவர் சாப்பிடலைன்னு சொல்லிட்டேன்.”

“அவர் நம்பிட்டாரா?”

“எல்லாரும் நம்பிட்டாங்க. அவர் வீட்டம்மா அன்னிக்கு பஸ் கிடைக்காம சோறு கொண்டுவர லேட்டு. என்னாலதான் இப்படி ஆச்சுன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். தண்ணி குடுத்தேன்.”

ஜெபக்கனிக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே எழுதினாள். யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். அவ்வளவு நேர்த்தியாக வந்திருந்தது எழுத்து.

“அதுலேருந்து ஒவ்வொரு ஷீட்டையும் மூணு தடவை படிக்கிறேன். இன்னிக்கு லீவு. நேரா இங்க வந்துட்டேன். சீக்கிரம் கத்துக்கொடுத்திருங்க டீச்சர். நான் சரியாப் படிச்சிட்டேன்னா இனிமே ஒண்ணும் ஆகாது.”

திலோத்தமை வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“டாக்டர் இப்பவும் அந்த வளைவு போடுறாரா?”

“போடுறார்.”

“வாய் மூடியா?”

“அவருக்கு என்ன தெரியும்? யாரும் சொல்லலையே.”

“இன்னிக்கு உங்க வார்டுல யாரு?”

“அனுஷியா. மூத்த சிஸ்டர் ரிட்டையர் ஆயிட்டாங்க. அவங்க எடத்துல போன வாரம் சேர்ந்த பொண்ணு.”

“அவங்க நாலு கோடு நோட்டு எழுதினவங்களா?”

“அவளா? அவ போன்ல தட்டுறதோட சரி. பேனா பிடிச்சே நான்...”

ஜெபக்கனி நிறுத்தினாள்.

திலோத்தமை நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பதினெட்டு வரி. பத்தாவது வரியிலிருந்து எங்கேயும் தடங்கல் இல்லை. அழகாகச் சேர்ந்து ஓடியிருந்தது.

நோட்டை மறுபடி ஜெபக்கனியின் பக்கம் திருப்பி வைத்தாள்.

“நல்லா முடிச்சிருக்கீங்க” என்றாள். “திரும்பி வரலையே.”

ஜெபக்கனி பார்த்தாள். பத்தாவது வரியிலிருந்து ஒரு வார்த்தையிலும் புள்ளி இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

“பன்னண்டரைக்கு ஊசி போடுவாங்க” என்றாள். “சாப்பாட்டுக்கு முன்னாடி. ஏழாம் பெட்டு. நேத்துதான் அட்மிட் ஆனாங்க. வயசானவங்க.”

பையைக் கவிழ்த்தாள். சாவி, சில்லறை, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, அதற்கப்புறம்தான் போன் விழுந்தது.

அனுஷியாவைக் கூப்பிட்டாள். அணைத்து வைத்திருந்தது. வார்டுக்குள் போன் கூடாது என்பது டாக்டர் போட்ட சட்டம். ஆஸ்பத்திரி நம்பரைக் கூப்பிட்டாள். யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி கூப்பிட்டாள். பேசிக்கொண்டே இருந்தார்கள்.

இன்னும் ஒரு நம்பர்தான் மிச்சம், டாக்டருடையது.

ஜெபக்கனி திலோத்தமையைப் பார்த்தாள். நீங்கள் பேசுகிறீர்களா என்று கேட்கிற பார்வை அது. திலோத்தமை நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தானே அந்த நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. நாலு தடவை அடித்தது. ஐந்தாவதில் எடுத்தார்.

“யாரு?”

“டாக்டர், நான் ஜெபக்கனி.”

“லீவுதானே நீ? ஓபி நேரத்துல என்ன? எதுவானாலும் நாளைக்குப் பேசு.”

போனை வைத்துவிடலாம். நாளைக்குப் பேசு என்று அவரே சொல்கிறார்.

“டாக்டர், நீங்க நாலு யூனிட்னு எழுதுறது நாப்பதுன்னு தெரியுது.”

“என்ன உளர்றே? படிக்கத் தெரியாட்டி...”

“மூணாம் பெட்டு அண்ணாச்சிக்கு நாப்பது போட்டது நான்தான் டாக்டர். லேட்டானாலும் அவர் சாப்பிட்டார். வீட்டம்மா லேட்டா வந்ததால இல்ல. நான்தான்.”

அவரைப் பேச விடாமல் அவளே தொடர்ந்தாள்.

“இப்ப வார்டுல அனுஷியா இருக்கா. ஏழாம் பெட்டுக்கு என்ன எழுதியிருக்கீங்க?”

நாற்காலி ஒன்று பின்னால் சாயும் சத்தம் கேட்டது. அப்புறம், படிகளில் ஒரு ஆள் ஓடும் சத்தம்.