கப்பல் நின்ற கண்மாய்

"கேப்டனம்மா, எந்த ஜி.பி.எஸ். வாங்கட்டும்? இன்னைக்காவது ஒரு பதில் சொல்லுங்க."

கேப்டன் ஜெசிந்தா ஓடுபாதையில் மயில் விரட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கரிசல் காட்டுப் பயிற்சி மையத்தில் மயிலை விரட்டாமல் எந்த விமானமும் ஏற முடியாது. அவர் கையில் ஒரு தட்டும் கரண்டியும் இருந்தன.

"தெரியலையே, அண்ணாச்சி," என்றார்.

தங்கப்பழம் அண்ணாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் லாரி ஆபீஸ் முதலாளி. ஐம்பதைத் தாண்டியவர். எந்த டிரைவர் எங்கிருந்து போன் போட்டாலும், "அடுத்த பாலத்துல இடது பக்கம் திரும்புலே" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே வழி சொல்வார். 'தெரியலை' என்ற சொல்லை அவர் வாயால் கேட்டவர்கள் ஊரில் கிடையாது. மகனுக்குக் கல்யாணம் முடித்த கையோடு, சின்ன வயசு ஆசை என்று விமானம் ஓட்டப் படிக்க வந்துவிட்டார்.

சொல்லிக்கொடுக்கும் ஜெசிந்தாவுக்கு அவர் மகள் வயது. அதில் அண்ணாச்சிக்குக் கூச்சமே இல்லை. வயசு எதுவானாலும் வாத்தியார் வாத்தியார்தான்.

ஆனால் வாத்தியாரே தெரியலை என்றால்?

"கேப்டன் நீங்களே இப்பிடிச் சொன்னா எப்பிடிம்மா?"

"எனக்கு எது தோதுன்னு எனக்குத் தெரியும். உங்க கண்ணுக்கு எந்த எழுத்து தெரியும், உங்க விரலுக்கு எந்தப் பட்டன் சிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மயில் ஒன்று திரும்பி வந்தது. அவர் மறுபடி தட்டை அடித்துக்கொண்டு போனார்.

அண்ணாச்சி வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொருமினார்.

"அந்தப் பிள்ளைக்குத் தெரியலையாம், செல்லக்கனி. வாய் கூசாமச் சொல்லுது."

"நல்ல பிள்ளையா இருக்கே," என்றாள் செல்லக்கனி. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன நல்ல பிள்ளை?"

"ஒரு கல்யாணத்துக்குன்னு கூட்டிட்டுப் போய், வழி கேட்க மாட்டேன்னுட்டு, யாரோ ஒருத்தங்க கல்யாணத்துல உக்கார வச்சீங்களே. அப்பவும் தெரியலைன்னு ஒரு வார்த்தை வந்துதா உங்க வாயில?"

"சாப்பாடு நல்லாத்தான இருந்துது?"

அவள் படக்கென்று கீரைத் தண்டை ஒடித்தாள்.

அண்ணாச்சியின் அவசரத்துக்குக் காரணமே அவள்தான். லைசென்ஸ் வாங்குவதற்கு, விமானத்தில் தனியாக வேறோர் ஊர்வரை போய்த் திரும்பும் பயணம் ஒன்று உண்டு. மற்றப் பயிற்சியெல்லாம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அந்த ஒன்றுக்கு மட்டும் ஜெசிந்தா அனுப்பவில்லை. கேட்கும்போதெல்லாம் "பாப்போம் அண்ணாச்சி" என்றார். செல்லக்கனியோ, "ஒத்தையில போயிட்டு வந்து என் முன்னால நில்லுங்க. என்னைக்கு லைசென்ஸ் வருதோ அன்னைக்கு நான் ஏறுதேன்" என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு வானத்திலிருந்து அவள் பிறந்த ஊரைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். இந்த வயதில் ஒரு மனிதன் பெண்டாட்டியிடம் நல்ல பேர் வாங்க இவ்வளவு பாடுபடுவதைப் பார்த்தால் எனக்கு அவரைப் பிடித்துப்போகிறது.

நல்ல ஜி.பி.எஸ். ஒன்று கையில் இருந்தால் கேப்டனம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

மறுநாள் தெரிந்தவர்களிடம் இரவல் கேட்டு, மூன்று விதமான கருவிகளோடு வந்து இறங்கினார்.

முதலில் பெரியது. சின்ன டி.வி. மாதிரி இருந்தது. அதை விமானத்தின் முன்கண்ணாடி ஓரத்தில் மாட்டினார்.

"நல்லா தெரியுதுல்லா?" என்றார் பெருமையாக.

"நல்லா தெரியுது. திசைகாட்டியைத்தான் காணோம்," என்றார் ஜெசிந்தா.

பெட்டி அதை முழுசாக மறைத்திருந்தது.

அடுத்தது அவருடைய போனிலேயே இருந்த ஒரு ஆப். வெயிலில் வைத்தார்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, சூடு தாங்காமல் அது அணைந்து கிடந்தது.

மூன்றாவது கைக்கு அடக்கமானது. ஜெசிந்தா அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, "நம்ம ஓடுபாதைக்கு வழி போடுங்க" என்றார். அண்ணாச்சி பட்டனைத் தொட்டதும் ஜெசிந்தா நாற்காலியின் முதுகைப் பிடித்துக் கடகடவென்று குலுக்கினார்.

"என்னம்மா இது! விழுந்துருவேன்!"

"மேல காத்து அடிச்சா இப்படித்தான் இருக்கும். போடுங்க."

அவர் விரல் திக்குத் தெரியாமல் எங்கெங்கோ பட்டது. ஆனாலும் இதன் பட்டன்கள் பெரிசு பெரிசாக இருந்தன. மூன்றாம் தடவை சரியாக வந்துவிட்டது.

"இதான் எனக்கு," என்றார்.

"அப்ப அதான்," என்றார் ஜெசிந்தா.

அண்ணாச்சி அதே மாதிரி ஒன்றைப் புதிதாக வாங்கினார். சந்தனம், குங்குமம் வைத்தார். வீட்டு மாடியில் உட்கார்ந்து பழகினார். செல்லக்கனி காபி கொண்டுவந்து வைத்ததைக்கூடப் பார்க்கவில்லை.

"பழகிட்டீங்களா?" என்று ஒரு காலையில் ஓடுபாதையில் வைத்துக் கேட்டார் ஜெசிந்தா.

"தூக்கத்துல கேட்டாலும் அமுக்குவேன்."

"அப்ப இன்னைக்குப் புதூர் போவோம். பெரிய கண்மாயை ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்பணும். நான் சும்மா உக்காந்திருப்பேன். உங்க இஷ்டம், உங்க வழி."

புதூர் அங்கிருந்து வடமேற்கே இருக்கிறது. அது அண்ணாச்சிக்கும் தெரியும். மேப்பைக் கையில் எடுத்தவர், பெட்டி இருக்கும்போது இது எதற்கு என்று மடியில் போட்டுக்கொண்டார்.

பெட்டியில் புதூர் என்று போட்டார். அது அவரிடம் ஏதோ கேட்டது. படிக்காமலே பெரிய பட்டனை அமுக்கினார். திரையில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு விழுந்தது.

விமானம் எழும்பியது. அண்ணாச்சி கோட்டைப் பிடித்தார். கம்பி மேல் நடக்கிற கழைக்கூத்தாடிகூட அவ்வளவு சுத்தமாகப் போக மாட்டான்.

ஜெசிந்தா திசைகாட்டியைப் பார்த்தார். பிறகு வெளியே பார்த்தார்.

கொஞ்ச நேரம் போனது.

"அண்ணாச்சி, காலை வெயில் மூஞ்சில அடிக்குதே?"

"நான் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கேன்மா."

இன்னும் கொஞ்ச நேரம் போனது.

"வெளிய ஒரு பார்வை பாருங்களேன்."

"பெட்டி சரியாச் சொல்லுதும்மா. ஒரு முடி விலகல."

கடைசியில் தலையைத் தூக்காமலே ஓரக்கண்ணால் ஒரு பளபளப்பைப் பார்த்தார்.

"கண்மாய் வந்துட்டு!"

"நிறைஞ்சிருக்கா?"

"கெத்துக் கெத்துன்னு கிடக்கு. போன மழை நல்ல மழைல்லா."

"அந்தப் பக்கத்துக் கரை தெரியலையே அண்ணாச்சி."

"பெரிய கண்மாய்தானம்மா."

"சரிதான். ஆனா நடுவுல கப்பல் நிக்குது."

அண்ணாச்சி தலையைத் தூக்கினார்.

எதிரே கடல். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, நீலமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் கடல்.

பெட்டி 'கிணிங்' என்றது. புதூர் வந்துவிட்டதாம். அதைக் குற்றம் சொல்ல முடியாது. கீழே தென்னைக்கு நடுவே இருந்த அந்த மீன்பிடிக் கிராமத்துக்கும் புதூர் என்றுதான் பேர். நம் நாட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு புதூர். 'எந்தப் புதூர்?' என்று பெட்டி மரியாதையாகத்தான் கேட்டது. அவர்தான் பதில் சொல்லவில்லை.

அவர் கை பெட்டிக்குப் போனது. ஊர் திரும்பும் பட்டனைத் தேடினார்.

ஜெசிந்தா எட்டி அதை அணைத்தார்.

"என்னம்மா!"

"அது எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியும். நீங்க எங்க இருக்கீங்க?"

அண்ணாச்சி மேப்பை விரித்தார். காற்றில் அது அவர் மூஞ்சியை மூடியது.

"மணல்மேட்டுக்குத் தெக்க," என்றார் உறுதியாக.

ஜெசிந்தா ஜன்னல் வழியே கப்பலைப் பார்த்தார்.

"இல்ல, வடக்க."

இப்போதும் கப்பலைத்தான் பார்த்தார்.

"கலங்கரை விளக்கத்துக்கு அந்தாண்ட. நிச்சயமா."

விமானம் ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டமும் போட்டது.

தெரியலை என்று சொன்னால் தனிப் பயணம் போச்சு. வழி தப்பினவனை எந்த வாத்தியார் தனியாக அனுப்புவார்? செல்லக்கனியிடம் என்ன சொல்வது? அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெரிய மனிதர் பாவம், பள்ளிக்கூடப் பிள்ளைபோல உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

ஜெசிந்தா ரேடியோவைச் சுட்டிக் காட்டினார். பயிற்சி மையத்தில் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவைத்திருப்பார்கள். அங்கே எல்லோர் காதிலும் விழும்.

"வேண்டாம்மா," என்றார் அண்ணாச்சி.

ஜெசிந்தா கையைக் கட்டிக்கொண்டார்.

அண்ணாச்சி எரிபொருள் முள்ளைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தார். யார் வீட்டுப் பிள்ளையோ, தன்னை நம்பி உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்பு அப்போதுதான் அவருக்கு வந்தது.

ரேடியோ பட்டனை அமுக்கினார். அதில் இங்கிலீஷில் பேச வேண்டும் என்பது முறை. அண்ணாச்சிக்கு அந்த நேரத்தில் தமிழே பாதிதான் வந்தது.

"தங்கப்பழம் பேசுதேன். வழி... வழி தப்பிட்டேன். எங்க இருக்கேன்னு தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. ரேடியோ அறையில் இருந்த பிச்சுமணியின் குரல் நிதானமாக வந்தது.

"சரி அண்ணாச்சி. கீழ என்ன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

அண்ணாச்சி அன்றைக்கு முதல் தடவையாகக் கீழே நன்றாகப் பார்த்தார்.

"உப்பளம். வெள்ளை வெள்ளையாக் குவிச்சிருக்கு."

"வேற?"

"ஓரத்துல மண் ரோடு ஒண்ணு. ரெண்டு மூணு லாரி நிக்குது. ஒரு ஓட்டுக் கட்டடம்... வாசல்ல வேம்பு..."

குரல் நின்றுவிட்டது.

"அண்ணாச்சி?" என்றது ரேடியோ.

"ஏ பிச்சுமணி! அது நம்ம லாரிடே! நம்ம வண்டிக உப்பு ஏத்துற இடம்லா இது! நான் எத்தனை தடவை அந்த வேம்பு நிழல்ல கயித்துக் கட்டில்ல படுத்திருக்கேன்! இந்தா, இந்த ரோட்டோட போனா ரயில் தண்டவாளம் வரும், அதைப் பிடிச்சு மேற்க வந்தா..."

மேலே சொல்ல அவருக்கு நேரம் இல்லை. விமானத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

வழி முழுக்க வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். தண்டவாளம் வந்தது. காற்றாலைகள் வந்தன. பின்னால் வெயில் இதமாக முதுகில் விழுந்தது. தூரத்தில் ஓடுபாதையும் வந்தது. மயில்கள் ஒதுங்கி வழி விட்டன. அவர் அவ்வளவு மெதுவாக ஒருநாளும் இறக்கியது கிடையாது.

இன்ஜின் நின்றதும், இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சிருங்கம்மா. இனி முதல்ல இருந்து தொடங்கணும்போல."

ஜெசிந்தா தன் பெல்ட்டைக் கழற்றினார். ஹெட்போனைத் தோளில் மாட்டிக்கொண்டார். தண்ணீர் பாட்டிலையும் உட்காரும் மெத்தையையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். தன் பக்கத்துக் கதவை வெளியிலிருந்து சாத்தினார்.

"டேங்க்கை நிரப்பச் சொல்றேன். ஒரு டீ குடிச்சிட்டு, புதூர் போயிட்டு வாங்க."

அண்ணாச்சிக்குப் புரியவில்லை.

"நீங்க வரலையா?"

"இல்லை."

"ஒத்தையிலயா?"

"ஒத்தையிலதான்."

அவர் கண் கலங்கிவிட்டது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"எந்தப் புதூர்னு நல்லாச் சொல்லிருங்கம்மா," என்றார்.

ஜெசிந்தா மேப்பை விரித்து, வடமேற்கே ஒரு புள்ளியில் விரலை வைத்துக் காட்டினார். அண்ணாச்சி குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். மனசு கேட்கவில்லை.

"இத்தனை நாள் அனுப்பல. வழி தப்பிட்டேன்னு ஊருக்கே சொன்ன அன்னைக்குப் போய் அனுப்புதீங்களே?"

"இத்தனை நாளா நீங்க வழியே தப்பாத ஆளால்லா இருந்தீங்க," என்றார் ஜெசிந்தா. "அப்படிப்பட்ட ஆளை எப்படி அண்ணாச்சி தனியா அனுப்ப?"